முதல் அடியிலேயே எடுக்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மனிதருக்கு ஐம்பது வயதாகும்போது டெனிஸ்காரர் என்ன பரிசு கொடுப்பார்கள்? வெயில் கொடுப்பார்கள்.

அப்பா டென்மார்க்கில் ஓகூஸ் நகரத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். பெப்ரவரியில் அவருக்கு ஐம்பது. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் சேர்ந்து, மத்தியதரைக் கடலோரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு துருக்கிக் கடற்கரை விடுதியில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு கிழமை விடுமுறை எடுத்துக் கொடுத்தார்கள். வாழ்த்து அட்டையில் ஒரு நோஞ்சான் தென்னைமரம். "நீ எப்போது பார்த்தாலும் குளிரில் வாடிப்போய் நிற்கிறாய், போய்க் கொஞ்சம் வெயில் காய்ந்துவிட்டு வா" என்று கீழே எழுதியிருந்தது. வெயிலுக்குப் பயந்து குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போன பரம்பரை எங்களுடையது. அப்பா கண்கலங்கி நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: அப்பா வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று கொண்டுவர வேண்டும். வேலையிடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்களாம்.

விடுமுறை மே மாதக் கடைசியில். அதற்கிடையில் எங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டது. டெனிஸ் தொலைக்காட்சி அதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, நாளைய மழையைப் பற்றி நாலு நிமிடம் பேசியது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. தேவன் மாமா. அவரும் மாமியும் யாழினி, மதுரா என்று இரண்டு பெண்பிள்ளைகளும் வன்னியில் இருந்தார்கள். ஜனவரிக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வவுனியாவில் முட்கம்பி போட்ட முகாமுக்குள் "தேவன் போல ஒருவரை"க் கண்டதாக, யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்திருந்தது. அந்தப் 'போல'வை வைத்துக்கொண்டு அம்மா பத்து நாள் சோறு சமைத்தா. அவர்கள் நாலு பேரும் இருக்கிறார்களா? எங்கள் வீட்டில் அந்த மே மாதம் இருந்த ஒரே கேள்வி அதுதான். மாமாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளிநாட்டு இலக்கம் எங்கள் வீட்டுத் தொலைபேசியினுடையது ஒன்றுதான்.

"நான் வரமாட்டன். நீங்கள் அப்பாவும் மகளுமாய்ப் போய் நீந்துங்கோ" என்று அம்மா சொல்லிவிட்டா.

"வராட்டி அவங்கள் என்ன நினைப்பாங்கள்? ஆசையாத் தந்தவங்களப்பா" என்றார் அப்பா.

"போன் அடிச்சா ஆர் எடுக்கிறது? உங்கடை கூட்டாளிமாரோ?"

இந்த இடத்தில்தான் நான், பொறியியல் இரண்டாம் ஆண்டு, உலகத்தைத் திருத்தப் பிறந்தவள், உள்ளே புகுந்தேன். வீட்டுத் தொலைபேசியில் நட்சத்திரக் குறியும் சில இலக்கங்களும் அழுத்தினேன். ஐந்து தரம் அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு என் கைத்தொலைபேசிக்குத் தாவி வரும். அப்பாவை மாடிப்படிக்கு அனுப்பி அடிக்கச் சொல்லிக் காட்டினேன். ஐந்து அடி, பிறகு என் கையில் மணி. அம்மா அதை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் பெட்டி அடுக்கினா.

அடுக்கியது ஆறு சேலை. கடற்கரைக்கு.

*

விமானத்தில் விடியும் முன்னரே பியர் குடித்தார்கள். டெனிஸ்காரர் டென்மார்க்கில் அமைதியானவர்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டினால் போதும், முன்னால் இருப்பவரின் தோளில் கைபோட்டுக் கல்யாணக் கதை கேட்பார்கள்.

பஸ் மலைகளுக்கிடையில் வளைந்து வளைந்து இறங்கியது. இறங்கும் வழியெல்லாம் அம்மா கண்ணை மூடியிருந்தா. அப்பா மூடச் சொல்லியும் அந்தச் சாரதி தன் வாயை மூடவில்லை. கீழே, மூன்று பக்கமும் மலை, நாலாவது பக்கம் நீலக் கடல். அதற்கு நடுவில் கேக் துண்டு வெட்டி வைத்த மாதிரி வெள்ளை விடுதிகள். வழிகாட்டி ஒரு டெனிஸ் இளைஞன், மூக்குத் தோல் உரிந்திருந்தான். "இந்த மலைகள்தான் நம்மைக் காற்றிலிருந்து பாதுகாக்கின்றன!" என்று ஒலிவாங்கியில் பெருமையாக அறிவித்தான்.

தொலைபேசியிலிருந்தும் பாதுகாக்கின்றன என்பதை அவன் சொல்லவில்லை.

அறைக்குள் சிக்னல் இல்லை. பல்கனியில் இல்லை. வரவேற்பறையில், நீச்சல் குளத்தடியில், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே, எங்குமே இல்லை. நான் கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு விடுதியை வலம் வந்தேன். அம்மா பின்னால் வந்தா. கடைசியில், கடலுக்குள் நீண்டுகிடந்த மரப் பாலத்தின் நுனியில், இரண்டு கோடுகள் எழுந்து நின்றன.

"இதிலை வருதோ?" என்றா அம்மா.

"ஓம்."

"அப்ப ஒரு கதிரை கொண்டா."

எங்கள் கடற்கரை விடுமுறை இப்படித்தான் ஆரம்பமானது. அம்மா பாலத்து நுனியில், பிளாஸ்டிக் கதிரையில், நாவல் நிறச் சேலையில், குடை பிடித்துக்கொண்டு, மடியில் தொலைபேசியோடு இருந்தா. அவவைச் சுற்றி டெனிஸ்காரர் எண்ணெய் பூசிக்கொண்டு, வெட்டி விரித்த மீன் மாதிரிக் கிடந்தார்கள். அதில் சில பெண்கள் மேலாடை என்ற வழக்கத்தையே ஏற்றுக்கொள்ளாதவர்கள். அப்பா பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கிழமை முழுவதும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையைப் பற்றி அப்பாவுக்கு இருக்கும் அறிவு துருக்கி அரசாங்கத்துக்குக்கூட இராது.

*

இரண்டாம் நாள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அடங்கிய விடுதி. அதாவது, எப்போதும் எதையாவது தின்னலாம். டெனிஸ்காரர் விடியவே வந்து துவாயைச் சாய்கதிரையில் விரித்து இடம் பிடித்துவிட்டு, பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய், வீட்டில் தின்னும் அதே பாணும் சீஸும் எடுத்துக்கொண்டு, "இங்கே சாப்பாடு என்ன வித்தியாசம்!" என்பார்கள். கத்தரிக்காயைச் சுட்டு மசித்து ஒரு கறி இருந்தது. ஒரு பச்சைமிளகாயும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கிடைத்திருந்தால் மனிதர் சாப்பிடும் நிலைக்கு அதைக் கொண்டுவந்திருக்கலாம்.

சாப்பாட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஐந்து மொழிகளில் எழுதியிருந்தது. அம்மா பாலத்தை விட்டு வரமாட்டா. அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வரச் சொன்னேன்.

"உவரிட்டையோ? உவர் எடுத்தவுடனை அரசியல் கதைக்கத் துடங்கிடுவார். தம்பி செத்திருந்தாலும் அவனுக்கு விளக்கம் குடுப்பார்."

"நான் ஏனப்பா கதைக்கிறன்? ஹலோ எண்டு சொல்லி உன்னட்டைத் தரமாட்டனே?"

"தரமாட்டியள்."

அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டார்.

பக்கத்துச் சாய்கதிரைகளில் ஓல்போர்க்கிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற சோடி. குர்ட், லிஸ. இருவருக்கும் விடுமுறையில் ஒரே பொழுதுபோக்கு, டென்மார்க்கின் காலநிலையை விசாரிப்பது. குர்ட் ஒவ்வொரு காலையும் பாலத்து நுனிக்கு வந்து மகனுக்குத் தொலைபேசி எடுப்பார். "ஓல்போர்க்கில் பன்னிரண்டு பாகை! மழை!" என்று லிஸவுக்குக் கத்துவார். லிஸ சந்தோஷத்தில் கண்ணை மூடுவா. மூன்றாம் நாள் ஓல்போர்க்கில் நல்ல வெயில் என்று செய்தி வந்தது. இருவரும் மத்தியானம் வரை ஒருவரோடொருவர் பேசவில்லை.

லிஸ அம்மாவைக் காட்டி என்னிடம் டெனிஸில் மெதுவாகக் கேட்டா: "உன் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயமா?"

"இல்லை. அவ ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறா. போர் நடந்த இடத்திலிருந்து. தம்பியின் குடும்பம்."

லிஸ எழுந்து உட்கார்ந்தா. மார்புக்கு மேலே துவாயை இழுத்துக்கொண்டா. பிறகு குர்ட்டிடம், "அந்தப் பெண்ணின் கதிரைக்கு ஒரு மெத்தை கொண்டுவந்து போடு" என்றா. டெனிஸ்காரர் துயரத்துக்கு முதலில் மெத்தைதான் தேடுவார்கள். பிறகு கோப்பி. குர்ட் இரண்டையும் கொண்டுவந்தார்.

*

மூன்றாம் நாள் நானும் அப்பாவும் மிளகாய்த்தூள் தேடிப் பட்டணத்துக்குப் போனோம். சிறு பஸ் ஒன்று மலையைச் சுற்றிப் போகும். சாரதி பாதி வழியில் பாதையை விட்டு விலகி ஒரு குச்சொழுங்கைக்குள் நுழைந்தார். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, நாலு பயணிகளைக் கையைக் காட்டி இறக்கினார். அதில் அப்பாவும் ஒருவர். பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு குளிர்சாதனப் பெட்டியை இறக்கி அந்த வீட்டுக் குசினிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சாரதியின் தங்கை வீடாம். தங்கை எல்லாருக்கும் ஒவ்வொரு தோடம்பழம் தந்தா. ஓகூஸில் இப்படி நடந்திருந்தால் பஸ் நிறுவனத்துக்கு முறைப்பாடு போய், குழு கூடி, மூன்று பக்க அறிக்கை வெளிவந்திருக்கும். அப்பா தோடம்பழத்தை உரித்துக்கொண்டு, "இதுதானடி நாடு" என்றார். டென்மார்க்குக்கு வந்த பிறகு அவர் ஒரு நாட்டைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தா. குர்ட்டின் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. குர்ட் தண்ணீருக்குள்ளிருந்து ஆற அமர வந்து, துவாயால் கையைத் துடைத்து, கண்ணாடி போட்டு, யார் என்று பார்த்து, பிறகுதான் எடுத்தார். டெனிஸ்காரர் தொலைபேசிக்கு ஓடமாட்டார்கள். ஓடினால் வேறு வேலை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். கூப்பிடுபவரும் அதற்கேற்றமாதிரிப் பொறுமையாக அடித்துக்கொண்டே இருப்பார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டா: "எங்கடை வீட்டிலை எத்தினை தரம் அடிச்சாப் பிறகு இஞ்சை வருமெண்டு சொன்னனீ?"

"ஐஞ்சு தரம்."

"தேவன் ஒருக்காத்தானே அடிப்பான்."

மத்தியதரைக் கடல் அப்போது எவ்வளவு அழகாக இருந்தது என்று எழுதலாம். எனக்கு ஞாபகமில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வன்னியிலிருந்து வெளிநாட்டுக்கு எடுப்பதென்றால் காசு தண்ணீராய்ப் போகும். அதனால் ஒரு அடி விட்டு வைத்துவிடுவார்கள். அந்த ஒரு அடிக்கு, 'நீ திருப்பி எடு' என்று அர்த்தம். நாங்கள் வெளிநாட்டுக்காரர், எங்களுக்கு நிமிடக் கணக்கு இல்லை, திருப்பி எடுப்போம். உலகம் முழுக்க எங்கள் சனம் இப்படித்தான் பேசிக்கொள்கிறது. மாமா எங்களுக்கு இரண்டாவது அடி விட்டதாகச் சரித்திரமே இல்லை. ஐந்து அடிக்குப் பிறகு தாவும் என் மந்திரம், ஐந்து அடி பொறுத்திருக்கும் டெனிஸ்காரனுக்குச் செய்த மந்திரம்.

"இந்த முறை அவர் கனதரம் அடிப்பார் அம்மா. இது வேறை நிலைமை."

"பிறத்தியாற்ரை போனாயிருக்கும். ஒளிச்சு வைச்சிருக்கிற போன். ஒரு அடிக்கு மேலை விட அவனுக்கு மனம் வராது. எனக்கு அவனைத் தெரியும்."

அப்பா மலையைப் பார்த்தார்.

*

எங்கள் வீட்டுத் திறப்பு கிரேதவிடம் இருந்தது. மேல்மாடியில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரி, முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை. பத்து வருடமாக அயல். இந்தப் பத்து வருடத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல் முழுவதையும் இங்கே தருகிறேன்: மாடிப்படியில் "ஹாய்." அதைவிட, ஒருமுறை மீன் பொரித்தபோது, 'பொரிக்கும்போது யன்னலைத் திறக்கவும்' என்று பொதுவாக எல்லாருக்குமாக, எங்கள் கதவுக்கு நேர் எதிரே ஒட்டிய ஒரு அறிவித்தல். இந்த முறை அம்மா வேறு வழியில்லாமல் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றத் திறப்பைக் கொடுத்திருந்தா. உயிருள்ள எதையும் சாகவிடுவதில்லை என்பது கிரேதவின் கொள்கை. அதனால் ஒத்துக்கொண்டா.

நான் பாலத்து நுனியிலிருந்து கிரேதவை அழைத்து, எங்கள் தொலைபேசியின் சிறு திரையில் யார் யார் அழைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். கிரேத கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தா. பூச்சியம் பூச்சியம் ஒன்பது நாலு என்று தொடங்கும் ஒரு இலங்கை இலக்கம் இரண்டு தரம் இருந்தது.

அம்மா கதிரையிலிருந்து எழுந்து, சுற்றியிருந்த அத்தனை அரை நிர்வாணங்களுக்கும் நடுவில், கடலைப் பார்த்துக் கும்பிட்டா.

திருப்பி எடுத்தோம். "நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது…" அணைத்து வைத்திருக்கிறார்கள். மத்தியானம் எடுத்தோம். மாலையில் எடுத்தோம். அதே பெண், அதே குரல், மூன்று மொழிகளில் அதே அக்கறையோடு இல்லை என்றா. ஒளித்து வைத்திருக்கும் தொலைபேசி. எடுக்கும் நேரம் மட்டும் உயிர் கொடுத்து, பிறகு அணைத்துவிடுவார்கள்.

நான் சளைக்கவில்லை. முதல் அடியிலேயே அழைப்பு எங்களிடம் தாவும்படி மாற்றலாம் என்று விளக்கினேன். "அது டென்மார்க்குக்குப் போய், அங்கையிருந்து துருக்கிக்கு வந்து, இந்த மலையையும் ஏறி இறங்கி உன்ரை கைக்கு வாறதுக்குள்ளை அவன் வைச்சிடுவான்" என்றா அம்மா. பரிசோதித்துப் பார்த்தோம். கிரேத ஒரு அடி விட்டு வைத்தா. என் கையில் ஒன்றுமே அடிக்கவில்லை. இரண்டு வருடப் பொறியியல் கடலில் போனது.

"மிஷின் வேண்டாம். ஆள் வேணும்" என்றா அம்மா. "முதல் அடியிலையே எடுக்கவேணும். அவவைக் கேள், கொஞ்ச நேரம் இருப்பாவோ எண்டு."

கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் மீன் மணத்தையே பொறுக்காதவவிடம், எங்கள் வீட்டில் வந்து குந்தியிருங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன்.

"முதல் அடியிலேயா? அது கொஞ்சம் அவசரப்படுவது போல இருக்காதா?" என்றா கிரேத.

"அவசரம்தான்."

"சரி. ஒழுங்கு செய்கிறேன்."

டெனிஸ்காரர் 'ஒழுங்கு செய்கிறேன்' என்று சொன்னால் மற்ற நாடுகள் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த நாள் காலை மாடிப்படியில் அட்டவணை ஒட்டியாகிவிட்டது. விடியற்காலை கிரேத. மத்தியானம் வரை கீழ்வீட்டு மாணவன், பரீட்சைக்கு எங்கள் மேசையில் படிக்கிறானாம். பின்னேரம் நாய் வளர்க்கும் மனிதர், துணைக்கு மறுபடியும் கிரேத. நாயும் வரலாமா என்று அனுமதி கேட்டார்கள். அம்மா யோசித்து, சாமியறைக் கதவைச் சாத்திவிட்டு வரலாம் என்றா. கேக் ஒன்றும் செய்திருக்கிறார்களாம். கிரேத இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டா, சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று. முதல் தரம் அவ தேடிப்பிடித்த போத்தலில் இருந்தது உப்பாம். பத்து வருடமாகத் தட்டாத கதவுக்குள் ஒரு தொலைபேசிக்காக ஒரு கட்டிடமே குடிவந்துவிட்டது.

நான் கிரேதவுக்குப் பாடம் நடத்தினேன். முதல் அடியில் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச வேண்டும். மாமாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். வைத்துவிடாதே என்று சொல்ல வேண்டும். தமக்கை வெளியூரில் இருக்கிறா, நலம், என்று சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கிரேத ஆசிரியை அல்லவா, எல்லாவற்றையும் எனக்கே திருப்பி ஒப்புவித்தா.

*

இதற்கிடையில் அப்பாவின் சிரிப்புப் படம் இருந்தது. ஐந்தாம் நாள் கடற்கொள்ளையர் கப்பல் சவாரி என்று ஒன்று. சவாரியும் பரிசுக்குள் அடக்கம். டெனிஸ் அப்பாமார் ஒற்றைக்கண் கறுப்புத்துணி கட்டி, பிளாஸ்டிக் வாளோடு ஆடினார்கள். அப்பாவின் தலையிலும் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார்கள். நான் கமராவைத் தூக்கினேன்.

"சிரியுங்கோ அப்பா."

"சிரிக்கிறன்தானே."

"இது பல்லு வலி மாதிரிக் கிடக்கு."

"இப்ப?"

"இப்ப இரண்டு பல்லு வலி."

இருபது படம் எடுத்தேன். ஒன்றிலும் அந்த மனிதரைச் சிரிக்க வைக்க முடியவில்லை. கடைசியில் வழிகாட்டி இளைஞன் கால் தடுக்கிக் கடலில் விழுந்தான். அப்பா ஒரு கணம் சிரித்தார். அதைப் பிடித்துவிட்டேன். களஞ்சியத்துச் சாப்பாட்டு அறையில் இன்றைக்கும் அது தொங்குகிறது. அந்தக் கிழமை ஆயிரம் மைல் தாண்டி வந்து அவர் அனுபவித்த வெயில் இன்பத்துக்கு அதுதான் சாட்சி.

*

ஆறாம் நாள். அடுத்த நாள் விடிய விமானம். அம்மா அன்று தன் ஆறாவது சேலையில் இருந்தா. லிஸ அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு நாளாக அங்கேயேதான் இருந்தா. இருவருக்கும் பொது மொழி இல்லை என்று லிஸ நினைத்துக்கொண்டிருந்தா. அம்மா பதினாலு வருடமாக ஓகூஸில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. டெனிஸ் நன்றாகவே விளங்கும், அவசியமென்றால் பேசவும் பேசுவா. அவசியம் வரவில்லை என்பதுதான் அம்மாவின் கருத்து.

தொலைபேசி அடித்தது. எங்கள் வீட்டு இலக்கம். அம்மா அதை என் கையில் திணித்தா.

கிரேத மூச்சு வாங்கினா. "உன் மாமா அழைத்துவிட்டார்! முதல் அடியிலேயே தூக்கினேன். தூக்கி, என் பெயரைச் சொன்னேன். கிரேத மோர்டென்சன் என்று. வைத்துவிட்டார்."

டென்மார்க்கில் தொலைபேசியை எடுத்தால் முதலில் தன் பெயரைச் சொல்வது மரியாதை. குழந்தையாக இருக்கும்போதே பழக்கிவிடுவார்கள். நான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், இதை நினைக்கவில்லை. முட்கம்பிக்குள்ளிருந்து அக்காவுக்கு எடுத்தவருக்குக் கிரேத மோர்டென்சன் கிடைத்திருக்கிறா.

"பிறகு?"

"எனக்கு அழுகை வந்துவிட்டது. எழும்பவே இல்லை, பக்கத்திலேயே இருந்தேன். திரும்ப அடித்தது. இந்தத் தரம் என் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் கதவில் இருக்கும் அம்மாவின் பெயரைச் சொன்னேன். பரமேஸ்வரி வீடு, பரமேஸ்வரி வீடு என்று. அவர் அழுதார். நான் வைக்காமல் இருந்தேன்."

"அம்மா, மாமா எடுத்திட்டார்" என்று கத்தினேன். "மாமா இருக்கிறார்!"

அப்பா மலையை விட்டுத் திரும்பினார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. லிஸவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து, குர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினா. குர்ட் அந்த வரிசையில் கிடந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எண்ணெய் பூசிய டென்மார்க் எழுந்து நின்று கை தட்டியது. யாரோ கிளாஸைத் தூக்கி "ஸ்கோல்!" என்றார்.

கிரேத இன்னும் சொல்லிக்கொண்டிருந்தா. "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன், நீ சொன்னபடியே. ஆங்கிலத்தில் சொன்னார். நான், என் மனைவி, ஒரு மகள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே கூடாரத்தில். நாளை எடுக்கிறேன் என்றும் சொன்னார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. எவ்வளவு நல்ல செய்தி! உன் அம்மாவிடம் சொல்லு, உடனே சொல்லு."

மாமாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நான் கிரேதவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"என்னவாம்? எல்லாரும் இருக்கினமாமோ?" என்றா அம்மா.

எட்டு வயதிலிருந்து நான் இந்தக் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர். டொக்டர், நகரசபை, பள்ளிக்கூடம், வங்கி, எல்லா இடமும் இரண்டு பக்கமும் ஓட்டமாய்ப் பேசியிருக்கிறேன்.

"மாமாவாம். மாமியாம்." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். "ஒரு மகளாம்."

கை தட்டல் இன்னும் முழுதாக ஓயவில்லை.

"எந்தப் பிள்ளை?"

நான் கிரேதவிடம் கேட்டேன், எந்த மகள் என்று. "எந்த மகளா?" என்றா கிரேத. "ஒன்றுக்கு மேலே…" நிறுத்திவிட்டா. எங்கள் வீட்டுக்குள் நாயின் நகங்கள் நிலத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. "நாளை எடுத்தால் கேட்கிறேன்" என்றா, வேறு குரலில். "பெயரைக் கேட்கிறேன். நான் கட்டாயம் கேட்டு வைக்கிறேன்."

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை எடுத்தா. டெனிஸில் பேசினா. ஆஸ்பத்திரி நடைபாதைகளில் பழகிய, சின்னச் சின்ன, நேரான டெனிஸ்.

"கிரேத. நான் பரமேஸ்வரி. நன்றி. நாளைக்கு அவன் எடுத்தால் ஒன்றும் கேட்க வேண்டாம். அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லு. வேறு ஒன்றும் வேண்டாம்."

லிஸ அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, குடையை மடக்கினா. அப்பா அருகில் வந்தார். "ஏனப்பா வேண்டாமெண்டனீ? நாளைக்கு நாங்கள் பிளேனுக்கை. அவன் திரும்ப எடுப்பானோ எண்டும் தெரியாது. அந்த மனிசி கேட்டு வைச்சா நாளைக்கே தெரிஞ்சிடுமெல்லே, எந்தப் பிள்ளையெண்டு?"

"தெரியத்தான் வேணும்" என்றா அம்மா. "எடுக்காட்டி நான் தேடிப் பிடிப்பன். ஆனா அதை அவன் ஆரோ ஒருத்திக்கு இங்கிலீசிலை சொல்லக்கூடாது."